ஒரே கணக்கு, பல விண்டோக்கள்

பில்லிங் சாப்ட்வேர் ஒன்றைத் திறந்தால் அதில் பல விண்டோக்கள் இருக்கும். கொட்டேஷன் போட ஒன்று, பில் போட ஒன்று, திரும்பி வந்த சரக்கைப் பதிய ஒன்று, மாதக் கணக்கு பார்க்க ஒன்று. திருப்பூர் பக்கம் சிறிய பின்னலாடை யூனிட் வைத்திருப்பவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இந்த வேலைகளைச் செய்துகொள்வது உண்டு. இந்த நான்கு விண்டோக்களுக்கும் வரிக் கணக்கு தேவை. அந்தக் கணக்கைப் போடும் கட்டளைகளை புரோகிராமர் எந்த இடத்தில் எழுத வேண்டும்? சின்னக் கேள்விதான். ஆனால் பணம் சம்பந்தப்பட்டது.

நான்கு இடத்தில் எழுதினால்

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அப்போது ஆயத்த ஆடை ஒரு பீஸின் விலை 1,000 ரூபாய் வரை இருந்தால் வரி 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இது மாறியது. 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

வரிக் கணக்கை நான்கு விண்டோக்களிலும் காப்பி, பேஸ்ட் செய்து வைத்திருந்தால் நான்கு இடத்திலும் திருத்த வேண்டும். கொட்டேஷன் விண்டோ மட்டும் விட்டுப்போனால்? 1,200 ரூபாய் ஸ்வெட்ஷர்ட்டுக்கு அது பழையபடி 12 சதவீதம் சேர்த்து 1,344 ரூபாய் காட்டும். பில் விண்டோ 5 சதவீதம் சேர்த்து 1,260 ரூபாய் காட்டும். பீஸுக்கு 84 ரூபாய் வித்தியாசம். 100 பீஸுக்கு 8,400 ரூபாய். எரர் மெசேஜ் எதுவும் வராது. விலை அதிகம் என்று பார்ட்டி ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டால் காரணம்கூடத் தெரியாது.

ஒரே இடத்தில் எழுதினால்

கட்டிங் மாஸ்டர் ஒரு அட்டைப் பேட்டர்னை வைத்துத்தான் எல்லாத் துணியையும் வெட்டுகிறார். ஒவ்வொரு மேஜையிலும் தனித்தனியாக வரைந்து வெட்டினால் கை நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. புரோகிராமிலும் அப்படித்தான்.

1998-ல் வெளிவந்த விசுவல் பேசிக் 6-ல் இதற்கு 'மாட்யூல்' என்ற வசதி உண்டு. புராஜெக்ட் மெனுவில் ஆட் மாட்யூல் கொடுத்து, அதில் வரிக் கணக்கை 'பப்ளிக்' பங்ஷனாக ஒருமுறை எழுத வேண்டும். பிறகு எல்லா விண்டோக்களும் அதைப் பெயர் சொல்லி அழைக்கலாம். 'பிரைவேட்' என்று எழுதினால் அந்த மாட்யூலுக்கு வெளியே தெரியாது. இன்று சி ஷார்ப்பில் எழுதுபவர்கள் இதே வேலைக்கு ஸ்டேட்டிக் கிளாஸைப் பயன்படுத்துகிறார்கள்.

விண்டோஸும் இதைத்தான் செய்கிறது. நோட்பேடைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் ஓ கீயை அழுத்துங்கள். பெயின்ட்டிலும் அப்படியே செய்யுங்கள். பைலைத் தேர்வு செய்ய ஒரே மாதிரி விண்டோ வருகிறதல்லவா? அதை நோட்பேடும் பெயின்ட்டும் தனித்தனியாக எழுதி வைக்கவில்லை. விண்டோஸ் வைத்திருக்கும் பொதுவான டிஎல்எல் பைல்களிலிருந்து இரண்டும் எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, பொதுப் பங்ஷன் எந்த விண்டோவுக்குள்ளும் போய் விலையைத் தேடக் கூடாது. அழைக்கும் விண்டோதான் விலையைக் கொடுக்க வேண்டும். விசுவல் பேசிக் 6-ல், மூடி அன்லோட் செய்த விண்டோவின் டெக்ஸ்ட் பாக்ஸை அதன் பெயர் சொல்லிப் படித்தால், அந்த விண்டோ கண்ணுக்குத் தெரியாமல் புதிதாக லோட் ஆகும். நீங்கள் டைப் செய்த விலை அதில் இருக்காது. கணக்கு தப்பாகும்.

இரண்டாவது, விலையோடு பில் தேதியையும் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் மாத பில்லை இன்று மீண்டும் பிரிண்ட் எடுத்தாலும் அன்றைய வரிதான் வர வேண்டும். தேதியைப் பார்க்காத பங்ஷன் பழைய பில்களை எல்லாம் புதிய வரியில் காட்டிவிடும்.

வாங்கும் முன் சோதியுங்கள்

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் இதைச் சோதிக்கலாம். பீஸ் விலையாக 1,200, 2,500, 2,501 ஆகிய மூன்றையும் ஒவ்வொரு விண்டோவிலும் கொடுத்துப் பாருங்கள். இன்றைய தேதிக்கு வரி முறையே 60 ரூபாய், 125 ரூபாய், 450 ரூபாய் 18 காசு வர வேண்டும். பிறகு 2025 செப்டம்பர் 21 தேதியிட்டு 1,200 கொடுங்கள். வரி 144 ரூபாய் வர வேண்டும். ஏதாவது ஒரு விண்டோ மட்டும் வேறு தொகை காட்டினால், வரிக் கணக்கு ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அடுத்த முறை வரி மாறும்போது எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கும் என்பது அவர் பதிலிலேயே தெரிந்துவிடும்.