அணையைக் கடக்க எந்தப் படகு ஏற்றது?

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக மூணாறு போகும் பாதையில், சின்னக்கானல் அருகே ஆனையிறங்கல் அணை இருக்கிறது. பன்னியாறு மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட அணை இது. 301 காலனி போன்ற மறுகரைக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு ரோடு என்றால் சுற்று. தண்ணீர்தான் குறுக்கு வழி. தினமும் கடப்பவர்கள் படகு வாங்குமுன் பார்க்க வேண்டியவை இவை.

எடைக் கணக்கு

மூன்று பேர் 180 கிலோ, ஏலக்காய் மூட்டை 50, ரேஷன் சாமான் 20, இன்ஜினும் பெட்ரோலும் 25. மொத்தம் 275 கிலோ. படகு தாங்கும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. எனவே 370 கிலோவாவது தாங்கும் படகு தேவை. முழுச் சுமை ஏற்றிய பிறகும் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டும்.

பரிசலா, மரமா, ஃபைபரா?

பரிசல் விலை குறைவு, தலையில் தூக்கிப் போகலாம். ஆனால், காற்றடித்தால் சுழலும், நேராகப் போகாது. மரப்படகு கனம், இடுக்கு அடைத்துத் தார் பூசிப் பராமரிக்க வேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கி, கரை சேறாகும்போது இழுப்பது சிரமம். தினசரிப் பயணத்துக்கு, அடி தட்டையான 12 முதல் 14 அடி ஃபைபர் படகு வசதி. இரு முனைகளிலும் காற்றறை அல்லது நுரை நிரப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். கரையோரம் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் மிதந்தால்தான் வாங்கலாம்.

சிறிய தூரத்துக்குத் துடுப்பே போதும். சுமை அதிகமென்றால் 2 குதிரைத்திறன் இன்ஜின் போதுமானது. இன்ஜின் இருந்தாலும் இரண்டு துடுப்புகள் படகில் இருக்கட்டும்.

மறக்கக் கூடாதவை

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கம் குவிந்ததில் படகு சாய்ந்தது. சிறிய படகில் ஒருவர் எழுந்து நின்றாலே ஆபத்து. மூட்டையை நடுவில், அடியில் வையுங்கள். குழந்தைகள் உட்பட ஆளுக்கொரு மிதவைச் சட்டை கட்டாயம். மடியில் வைத்திருந்தால் பயனில்லை, மாட்டியிருக்க வேண்டும். யானைகள் தண்ணீருக்கு வரும் கரையைத் தவிர்த்து, வெளிச்சத்தில் மட்டும் கடக்கவும். காற்று பலமானால் காத்திருக்கவும்.

இன்ஜின் படகுக்கு 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு தேவை. அணை கேரள மின் வாரியத்தின் பொறுப்பில் இருப்பதால், முன்கூட்டியே அங்கும் பஞ்சாயத்திலும் விசாரித்து அனுமதி பெறுவது நல்லது.