கேர்லிங் பயிற்சியும் பிழை காட்டுதலும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் பிற குளிர்நாடுகளிலும் வாழ்கின்றனர். அந்நாட்டு மாரிகாலத்துக்குரிய விளையாட்டுக்களுள் ஒன்று கேர்லிங். துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் கண்டு பழகிய எமக்கு இது புதிதே. எனினும், பயிற்சியென்பது யாது என்னும் வினாவுக்கு இவ்விளையாட்டுப்போலத் தெளிவாக விடை தருவது பிறிதொன்றைக் காண்டல் அரிது. ஆதலின் அதனை இம்மலரில் விளக்க முற்பட்டோம்.

ஸ்கொத்லாந்து நாட்டின் உறைந்த குளங்களிலே வளர்ந்த ஆட்டம் இது. 1838ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் இதற்கெனப் பெருங்கழகமொன்று அமைந்தது. 1842இல் ஸ்கோன் அரண்மனையின் மெருகிட்ட மரத்தளத்திலே விக்டோரியா மகாராணியாருக்கு இது ஆடிக்காட்டப்பெற, மறு ஆண்டில் அக்கழகம் அரச கழகமாயிற்று. 1998ஆம் ஆண்டின் நாகானோ ஒலிம்பிக்கிலிருந்து இடையறாது ஒலிம்பிக் விழாக்களில் இடம்பெற்று வருகின்றது.

ஆட்டமுறை எளிது. ஏறக்குறைய 150 அடி நீளமுள்ள பனித்தரையின் ஓர் அந்தத்திலிருந்து, 44 இறாத்தலுக்கு மேற்படாத கருங்கல்லொன்றைக் கைப்பிடி பற்றித் தள்ளி, மறு அந்தத்தில் 12 அடி விட்டமுள்ள வட்டத்தின் நடுவிலே நிறுத்த முயல்வர். வட்டத்துக்கு ‘வீடு’ என்று பெயர். அணிக்கு நால்வர், ஒரு முறைக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு கற்கள். பனித்தரை கண்ணாடிபோல் வழுவழுப்பானதன்று. நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிட்டுச் சிறு மணிகளை எழுப்பியிருப்பர். கல்லின் அடிப்புறம் குழிந்திருத்தலால், ஒடுங்கிய வளையமொன்றே அம்மணிகளைத் தொட்டுச் செல்லும். கைப்பிடியை மெல்லத் திருப்பிவிட்டாற் கல் சுழன்றுகொண்டே ஒருபுறமாக வளையும். மேசைமீது கவிழ்த்த குவளையைச் சுழற்றித் தள்ளினால் அது வளையும் திசை வேறு. இக்கல் வளையும் திசை அதற்கு நேர்மாறு. இதன் காரணம்பற்றி விஞ்ஞானிகள் இன்றும் வாதிடுகின்றனர்.

கல் விடுவோன் மூன்றினைக் கவனித்தல் வேண்டும். அணித்தலைவன் மறு அந்தத்திலே தும்புத்தடியை ஊன்றிக் காட்டும் குறியை நோக்கிய நேர்கோடு ஒன்று, கல்லின் வேகம் இரண்டு, சுழற்சி மூன்று. இவற்றின்மேல், தோழர் இருவர் கல்லின் முன்னே பனியைத் தேய்த்து உராய்வைக் குறைத்து, அதனை மேலும் நெடுந்தூரமும் நேராகவும் செல்லச் செய்வர்.

இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. கல் வீட்டின் நடுவில் வந்து நின்றதென வைத்துக்கொள்வோம். விடுத்தவன் மகிழ்வான். ஆனால் அவன் கல்லைக் குறிக்கு வெளியே விட்டிருக்கலாம். சுழற்சி குன்றியமையாற் கல் மிகுதியாக வளைந்து உள்ளே வந்திருக்கலாம். வேகக் குறைவைத் தேய்த்தவர் ஈடுசெய்திருக்கலாம். மூன்று பிழைகள் ஒன்றையொன்று மறைத்தமையால் விளைந்த வெற்றி அது. அதனைக் கண்டு அவன் கற்பது யாது? பிழையையே கற்கிறான். நூறு முறை அவ்வாறு விட்டால் நூறு முறை பிழையையே உறுதிப்படுத்துகிறான். கட்டுரைக் கொப்பியிலே காரணங் கூறாது புள்ளியை மாத்திரம் இட்டுத் திருப்பிக் கொடுத்தலும் இதனை ஒத்ததே. ஆசிரியராகிய எம்மனோர் இதனை நினைத்தல் தகும்.

ஆதலின் நல்ல பயிற்றுநர் முடிவை நோக்காது அதன் கூறுகளைப் பிரித்து நோக்குவர். பயிலும்போது பனியைத் தேய்க்க விடார். கல் தன்னியல்பில் எங்கே நிற்குமெனக் காணல் வேண்டுமன்றோ? கோட்டைச் சோதிக்கச் சிறு கிண்ணங்கள் இரண்டினை வைத்து, அவற்றின் இடையே கல் செல்கிறதா என்பதை மாத்திரம் பார்ப்பர். எங்கே நின்றதென்று கேளார். வேகத்தைச் சோதிக்க, 72 அடி இடைவெளியுள்ள இரு எல்லைக்கோடுகளுக்கிடையே கல் செல்லும் நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தால் அளப்பர். வினாடியிற் பத்திலொரு பங்கு வேறுபடினும் கல் நிற்குமிடம் அடிக்கணக்கில் மாறும். சுழற்சிக்கோ, மணிக்கூட்டு முகத்திற் பத்து அல்லது இரண்டு இருக்குமிடம் நோக்கிய கைப்பிடி, கல்லை விடும்போது பன்னிரண்டை நோக்குகிறதா எனக் கவனிப்பர்.

இவற்றுள் எம்மை மிகக் கவர்ந்தது பிறிதொரு வழக்கம். கல் கையை விட்டகன்றவுடன், கடிகாரத்தைப் பார்க்குமுன், விடுத்தவனே அதன் நேரத்தைக் கூறுதல் வேண்டும். “பதினான்கரை” என்பான், கடிகாரம் பதினைந்து காட்டும். அந்த அரை வினாடி வேறுபாடே அவனுக்குப் பாடம். தன் உடல் உணர்ந்ததையும் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பழகியவனுக்கு, நாளடைவிற் கடிகாரமும் வேண்டா. கல் விரலை விட்டு நீங்கும்போதே குறையை அறிவான். முதலிலே விடையைச் சொல்லிவிட்டால் அவ்வுணர்வு வளராது.

பிழை காட்டுவோருக்கும் முறையுண்டு. “நன்று”, “தவறு” என்பன பயனில. “குறிக்கு ஓரடி வெளியே”, “வேகம் சற்றுக் குறைவு” என்று அளவோடு கூறல் வேண்டும். அதுவும் அடுத்த கல்லை எடுக்குமுன். ஒரு வேளையில் ஒரு குறையே சுட்டப்பெறும். கால் வழுக்கிச் சமநிலை இழக்கும் பிள்ளைக்குச் சுழற்சிபற்றிப் பேசுவது வீண். அவனைக் கல்லின்றியே பலமுறை வழுக்கிச் செல்லவிட்டு, உடலின் பாரம் கல்லின்மேற் சாயாதிருக்கப் பழக்கியபின்னரே கல்லைக் கையிற் கொடுப்பர்.