மட்டக்களப்புப் புகையிரத நிலையமும் கல்முனைக் கரையும்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒருவர் "கோச்சியில் கொழும்புக்குப் போகிறேன்" என்று சொன்னால், அவர் முதலில் ஏறுவது பஸ்ஸில்தான். அம்பாறைக் கரையோரத்தில் இருப்புப்பாதை கிடையாது. வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்று, கல்லடிப் பாலத்தைக் கடந்த பின்னரே மட்டக்களப்பு நிலையம் வரும். கிழக்குப் பாதையின் கடைசி நிலையம் அதுவே.

மாஹோவிலிருந்து கிழக்கு நோக்கிவரும் பாதை கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. திருகோணமலைக் கிளை 1927ஆம் ஆண்டிலும், பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாகச் செல்லும் மட்டக்களப்புக் கிளை 1928ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. கல்லோயா என்னும் பெயரைக் கேட்டு அம்பாறை விவசாயி ஏமாந்துவிடலாகாது. இங்கினியாகலையில் அணைகட்டி அவர் வயலுக்கு நீர் தரும் ஆறு வேறு. ஹபரணைக்கு அப்பால் காட்டினிடையே உள்ள இச்சந்தி வேறு.

பாதை அமைத்தோருக்குப் பெருந்தடையாய் நின்றவை ஆறும் வாவியும். மனம்பிட்டியில் மகாவலி கங்கையையும், ஓட்டமாவடியில் வாழைச்சேனை வாவியையும் தாண்ட இரும்புப் பாலங்கள் எழுப்பப்பட்டன. இரண்டிலும் ஒரே பாலத்தின்மீதே வண்டித் தண்டவாளமும் வாகன வீதியும் அமைந்தன. சிக்கனமான ஏற்பாடுதான், அதன் விலையைப் பிற்காலத்துப் பிரயாணிகள் கொடுத்தனர். கோச்சி வரும் நேரம் படலை சாத்தப்படும். பொலன்னறுவை வழியாகக் கொழும்பு செல்லும் கல்முனை பஸ்ஸும், மீன் ஏற்றிய லொறியும் கரையிலே காத்து நிற்கும். மனம்பிட்டியில் இந்நிலை 2007ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. அவ்வாண்டு யப்பான் நாட்டின் உதவியோடு வீதிக்கெனத் தனிப்பாலம் திறக்கப்பட்டது. ஓட்டமாவடியிலும் பின்னர் புதுப்பாலம் அமைந்தது. 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்துக்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் யப்பானிய உதவி கிடைத்தது. தம் நாட்டில் புறநகர்தோறும் நிலையம் கட்டி, நிலையத்தைச் சுற்றி ஊரையே வளர்த்தவர்கள் யப்பானியர். இங்கு அவர்கள் கொடுத்தது நிலையத்துக்குச் செல்லும் வழியை என்று சொல்லலாம்.

'உதய தேவி' கடுகதி வண்டி மட்டக்களப்பைக் கொழும்புக் கோட்டையோடு இணைத்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இப்பாதையிற் சேவை நீண்டகாலம் தடைப்பட்டது; பின்னர் மீண்டது.

பாதையைத் தெற்கே கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டவேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்துள்ளது. கடினம் எங்கேயென்றால், கல்லடியிலிருந்து தெற்கே செல்லும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டு. அதிலே வீடும் பள்ளிவாசலும் கோயிலும் சந்தையும் நெருங்கி நிற்கின்றன. 2004 கடற்கோளின் பின் கரையை அண்டிக் குடியிருந்தவர் பலர் உள்ளே நகர்ந்ததால் நெருக்கம் மேலும் மிகுந்தது. ஒரு தண்டவாளத்துக்கு வேண்டிய அகலத்தைக்கூட இங்கு வீடுகளை அகற்றியே பெறவேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்வெளியூடே சென்றால் நிலம் கிடைக்கும். ஆனால், வண்டியில் ஏறவேண்டிய மக்களிற் பெரும்பாலோர் வாவிக்கு இக்கரையில் இருக்கிறார்கள்.