கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்கிற பழமொழி, மிதிப்பது தாய்க்கோழியாக இருக்கும் வரைதான் செல்லும். வேற்றுக்கோழி மிதித்துக்கொண்டெல்லாம் இருக்காது. நேரே மண்டையில் ஒரு போடு!

இது தெரியாமல் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பத்துக் குஞ்சு வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்து, கொல்லையில் மேய்கிற நாலு பெட்டைக்கு நடுவே திறந்து விடுகிறார்கள். "எல்லாம் கோழிதானே சார், பழகிடும்!" மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து எண்ணினால் ஏழுதான் இருக்கும். பழி காக்காய் மேல் விழும். பல வீடுகளில் காக்காய் நிரபராதி.

கோழிகளுக்குள் சீனியாரிட்டி உண்டு. யார் யாரைக் கொத்தலாம், யார் முதலில் தீனி தின்னலாம் என்று கறாரான வரிசை. நார்வேக்காரரான ஷெல்டெரூப்-எப்பே இதைக் கவனித்து 1922-ல் எழுதினார். ஆபீஸ்களில் அடிபடுகிற 'பெக்கிங் ஆர்டர்' என்ற வார்த்தை கோழிக்கூட்டிலிருந்து வந்ததுதான். புதிதாக யார் வந்தாலும் அந்த வரிசை கலைகிறது. வளர்ந்த கோழி என்றால் எதிர்த்து நிற்கும், இல்லாவிட்டால் ஓடும். ஒரு வாரக் குஞ்சு என்ன செய்யும், பாவம்?

நம் பாட்டிமார்களின் வழி சுலபம். மூன்று வாரமாக அடையில் இருக்கும் கோழியின் அடியில், பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளை ராத்திரி இருட்டில் மெல்லச் சொருகி விடுவார்கள். விடிந்ததும் 'எல்லாம் என் பிள்ளைகள்' என்று அம்மா கிளம்பிவிடும். அப்புறம் பருந்தே வந்தாலும் ஒரு கை பார்க்கும். ஆனால் எல்லாக் கோழியும் ஏமாறாது. காலையில் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது.

அடைக்கோழி இல்லையா? அப்போது அம்மா வேலை உங்களுக்கு. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். பழைய குண்டு பல்புதான் லாயக்கு. எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், குஞ்சுக்குத் தேவையான சூடு தராது. (மே மாதப் பகலில் பல்பே வேண்டாம், ஊரே அடைகாக்கிறது!) 7-ம் நாள் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. 8 வாரத்தில் ஊசி. இரண்டையும் தவறவிடாதீர்கள்.

சேர்ப்பதற்கு அவசரமே கூடாது. பெரிய கோழியின் அளவில் மூன்றில் இரண்டு பங்காவது வளரட்டும். இரண்டரை, மூன்று மாசம் ஆகும். அதற்கு முன் ஒரு வாரம், நடுவில் கம்பிவலை அடித்து ஒருவரையொருவர் பார்க்க விடுங்கள். முறைப்பு, சீறல் எல்லாம் வலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும். திறந்து விடும்போது ஒற்றையாக விடாதீர்கள். நாலைந்தாக விட்டால் கொத்து பங்கு பிரியும்.

தீனித்தட்டு, தண்ணீர் இரண்டுமே இரண்டு மூன்று இடத்தில் இருக்க வேண்டும். பஞ்சாரத்தைச் செங்கல் முட்டுக்கொடுத்து, குஞ்சு நுழைகிற உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சின்னது உள்ளே ஓடிவிடும், பெரிசு வெளியே நின்று திட்டும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடவே கூடாது. அதில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எல்லோருக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, முட்டையிடுகிறவைக்குக் கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிடலாம்.

இரண்டு கொத்து, ஒரு துரத்தல் என்றால் நாட்டாமை பண்ணப் போகாதீர்கள். வரிசை அப்படித்தான் அமையும். ரத்தம் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து அதே இடத்தில் கொத்தும். அடிபட்டதைத் தனியே எடுத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, காயம் ஆறும்வரை வைத்திருங்கள்.

வில்லி யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். தலைமைக் கோழி பெரும்பாலும் பெருந்தன்மையாக இருந்துவிடும். அதுவரை எல்லாரிடமும் கொத்து வாங்கிக்கொண்டிருந்த கடைசிக் கோழிதான் விடாமல் துரத்தும். அதைப் பிடித்து மூன்று நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். வெளியே வரும்போது அதுதான் புதுசு!

எல்லாம் ஒரே கட்டையில் ஏறி உறங்குகிற வரைக்கும், ராத்திரி கூட்டைச் சாத்துமுன் டார்ச் அடித்து ஒரு தரம் எண்ணிவிடுங்கள்.