படிப்பு நேரத்துக்கு ஒரு பூட்டு

கணினியில் படிக்கும் நேரத்தில் கவனத்தைக் கலைக்கும் தளங்களைத் திறக்கவிடாமல் நிறுத்தி வைப்பவை தடுப்பு மென்பொருள்கள். 2018 பிளஸ் டூ தேர்வில் 97.05 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டத்துக்கு இவை மிகவும் வேண்டியவை. பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் பலவற்றில், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் முதல் கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. பாடமும் படமும் அந்த ஒரே திரையில்தான்.

செலவில்லாத பழைய வழி, விண்டோஸிலும் லினக்ஸிலும் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைல். அதில் ஒரு தளத்தின் பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதிவிட்டால், கணினி அந்தத் தளத்தை வெளியே தேடாமல் தன்னிடமே தேடும், பக்கம் திறக்காது. www உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். ஆனால் தளம் முழுவதும் அடைபடும். ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்க முடியாது.

சிக்கலே அங்கேதான். 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. நீட் பயிற்சி வீடியோக்களும் அங்கேதான். யூடியூபை அடைத்தால் இயற்பியலும் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் லீச்பிளாக் இதற்கு வழி வைத்திருக்கிறது. தடுக்கும் பட்டியலில் ஒரு முகவரிக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால், அதற்கு மட்டும் விலக்கு கிடைக்கும். அன்றைய பாடத்தின் முகவரியை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுத் தடையைப் போடலாம். இந்த முன்னேற்பாடுதான் பாதிப் படிப்பு.

எளிதில் நீக்கக்கூடிய தடையால் பயனில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் தீப்பெட்டியும் செல்போனும் உள்ளே போகக்கூடாது. பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று தொழிலாளியின் கவனத்தை நம்பி உள்ளே விடுவதில்லை. நல்ல மென்பொருளும் அப்படித்தான். அமைப்பை மாற்றப் போனால், தாறுமாறான நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யச் சொல்லும்படி லீச்பிளாக்கை வைக்கலாம். மேக் கணினிக்கான செல்ஃப்கன்ட்ரோல் இன்னும் கண்டிப்பானது: கணினியை அணைத்துப் போட்டாலும் குறித்த நேரம் முடியும்வரை தடை விலகாது. மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை, சலிப்பு தட்டும்போது மாற்றவிடாமல் காப்பதே இவற்றின் வேலை.

செல்போனுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங்கில் செயலிக்கு நேரக்கெடு வைக்கலாம். ஆனால் இரண்டு தட்டில் அதை எடுத்துவிடலாம் என்பதால் அது நினைவூட்டலாக மட்டுமே உதவும். மடிக்கணினியில் படிக்கிற பிள்ளையின் போன் அந்த நேரம் அம்மாவிடம் இருப்பது நல்லது. போனிலேயே பாடம் பார்க்க வேண்டிய வீடுகளில், வீடியோவை யூடியூப் செயலிக்குள்ளேயே முன்கூட்டிப் பதிவிறக்கி, டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுப் படிக்கலாம்.