மார்பைத் திறவாமல் நுரையீரல் புற்றுநோயை அறிதல்

மைசூர் நகரில், தேவராஜ மொஹல்லாவுக்கு அப்பால் கிருஷ்ணராஜ சாகரம் செல்லும் சாலையில், இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி பெயரால் விளங்கும் மருத்துவமனை காசநோயாளருக்கென நிறுவப்பெற்றது. இன்று ஏனைய மார்பு நோய்களுக்கும் அங்கு மருத்துவம் செய்யப்படுகிறது. இந்நோய்களைப் பிரித்தறிவது எளிதன்று. நீடித்த இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொதுவான குறிகள். எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் நிழலாகவே தோன்றக்கூடும். காசநோய் மலிந்த நம் நாட்டில், சளியில் கிருமி காணப்படாதபோதும் காசநோய் மருந்தே அளிக்கப்பட்டு மாதங்கள் கழிவதுண்டு. அதற்குள் புற்று பரவிவிடலாம்.

ஐயத்தைத் தீர்ப்பது திசுச் சோதனையே. அத்திசுவை எடுக்க மார்பைத் திறக்க வேண்டிய நிலை முன்பு பலருக்கு நேர்ந்தது. 1897-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் கில்லியன், விறைப்பான குழாயொன்றைச் செலுத்தி, மூச்சுக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டை வெளியே எடுத்தார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாரல்டு ஹாப்கின்ஸுடன் இணைந்து, வளையும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்பதை 1954-இல் வெளியிட்டார். இத்தகைய இழைகளைக் கொண்டே ஜப்பானியரான ஷிகெட்டோ இகெடா 1960-களில் வளையும் பிராங்காஸ்கோப் கருவியை உருவாக்கினார்.

இன்று தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு அல்லது வாய் வழியே இக்கருவியைச் செலுத்திச் சிறு துணுக்கு எடுக்கின்றனர். நுனியில் கேளா ஒலிக் கருவி பொருத்திய மற்றொரு வகை, மூச்சுக்குழலின் சுவருக்கு வெளியேயுள்ள நிணநீர்க் கணுக்களையும் காட்டும். அவற்றில் ஊசியைச் செலுத்தி அணுக்களை எடுக்கலாம். நுரையீரலின் ஓரத்திலுள்ள கட்டிக்கு, சி.டி. ஸ்கேன் வழிகாட்ட, மார்புச் சுவரினூடே ஊசி செலுத்தப்படும். நுரையீரலைச் சூழ நீர் தேங்கியிருப்பின் அந்நீரைச் சோதிப்பதே சில வேளைகளில் போதுமானது.

இம்முறைகளில் இடர் அறவே இல்லையென்று கூறலாகாது. இரத்தக் கசிவு ஏற்படலாம். ஊசி குத்துவதால் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகலாம். ஒருமுறை புற்றணு காணப்படாமையால் நோய் இல்லையென்று துணிவதும் தவறு.

ஊசி பட்டால் புற்று பரவும் என்னும் அச்சம் மக்களிடையே உள்ளது. அங்ஙனம் நேர்வது மிக மிக அரிது. சோதனையைத் தள்ளிப்போடுவதால் விளையும் தீங்கே பெரிது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுடையோரையும், காசநோய் மருந்துண்டும் குணமடையாதோரையும், அவர் புகைபிடியாதவராயினும், மருத்துவமனைக்கு அனுப்புவது களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரால் இயலும் தொண்டாகும்.