'நேர்' என்னும் சொல்லும் இரண்டு கம்பிகளும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பேச்சுவழக்குத் தரவு திரட்டிய நாள்களில், லயன் வீடுகளின் மூத்தோர் சிலர் தொலைக்காட்சி வந்த கதையை நம்மிடம் கூறினர். மலேசியாவில் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. நாள் முழுதும் மின்சாரம் இல்லாத தோட்டங்களில் 12 வோல்ட் கார் பேட்டரியே பெட்டியை இயக்கியது. "சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மாத்திக் கொடுத்தா பெட்டி போச்சு" என்றார் ஒரு முதியவர். அவர் சொற்களில் ஐயத்திற்கு இடமில்லை. நம் பாடமொழியில் இடமுண்டு.

பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். சுவர்ச் செருகி தருவது மாறுதிசை மின்னோட்டம். இங்கே 'நேர்' என்பதன் எதிர்ச்சொல் 'மாறு'. ஆனால் பேட்டரியின் முனைகளை நேர்முனை, எதிர்முனை என்கிறோம். இங்கே 'நேர்' என்பதன் எதிர்ச்சொல் 'எதிர்'. ஆகவே வகுப்பில் "நேர்க் கம்பி" என்று சுருக்கினால், மாணவர் எதைப் பற்றுவார்? நேர்மின்னோட்டம் செல்லும் கம்பிகள் இரண்டு. நேர்முனைக் கம்பியோ ஒன்றே. 'ஒருதிசை மின்னோட்டம்' என்று கூறி, 'நேர்' என்பதை முனைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நன்று.

நிறமும் ஒரு சொல்லே. அதுவும் இடத்திற்கேற்பப் பொருள் மாறும். பேட்டரியில் சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை. இந்நாட்டின் பழைய வீட்டு இணைப்புகளிலோ சிவப்பு மின்னோட்டக் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி. மின்கருவிகளின் வடத்தில் பழுப்பு மின்னோட்டக் கம்பி, நீலம் நடுநிலைக் கம்பி, பச்சை-மஞ்சள் புவியிணைப்பு. நிறத்தை மட்டும் நம்பி 230 வோல்ட் பக்கத்தைத் தொடுதல் உயிருக்கு உலை வைக்கும். அப்பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுக.

ஒருதிசை மின்னோட்டப் பக்கத்தில் மாணவர் அறிய வேண்டுவன இவை. மின்வழங்கியின் வோல்ட் கருவியில் குறித்த வோல்ட்டுடன் பொருந்த வேண்டும். அதன் ஆம்பியர் அளவு கருவியின் தேவைக்குக் குறையலாகாது. இணைக்குமுன் பன்முக அளவியால் முனைகளைச் சோதிக்க வேண்டும். முனை மாறினால், காப்பில்லாத கருவி நொடியில் பழுதாகும்.

12 வோல்ட் உலர்ந்த தோலில் பொதுவாக அதிர்ச்சி தருவதில்லை. அதனால் அதனைத் தீங்கற்றது எனக் கருதிவிடலாகாது. கார் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு சாவியாலோ மோதிரத்தாலோ நேரடியாக இணைந்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சும். ஆகவே மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டே பணி தொடங்க வேண்டும். நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் அமைய வேண்டும். அதன் ஆம்பியர் அளவு கம்பி தாங்கும் அளவை மீறலாகாது. பியூஸ் காப்பது முதலில் கம்பியை; அதன்வழியே வீட்டை. மின்னேற்றும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுமாதலால், காற்றோட்டம் வேண்டும், தீப்பொறி கூடாது.

சுவிட்சும் கருதத்தக்கது. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சின் பொறி எளிதில் அணைகிறது. ஒருதிசை மின்னோட்டத்தில் அவ்வாய்ப்பில்லை, பொறி நீடிக்கும். எனவே அதற்கெனக் குறிக்கப்பெற்ற சுவிட்சையே பொருத்த வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர் அழகை நாடுவது இயல்பு. ஆனால் கம்பியைக் கையில் பிடித்த மாணவருக்கு வேண்டுவது ஒரே பொருள் தரும் சொல். தோட்டத்து முதியவரின் 'பிளஸ்' அப்பணியைச் செய்தது. நாம் தரும் தமிழ்ச்சொல்லும் அதற்குக் குறையாமல் செய்தல் வேண்டும்.